மூன்றாவது சட்டி

நான் யூத சமயத்துக்கு மாறப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா அழவில்லை. அழுவார் என்று நினைத்து டிஷ்யூப் பெட்டியை மேசையில் எடுத்து வைத்திருந்தேன். அவர் அதை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்:

"அவை மச்சம் தின்னுற ஆக்களோ, சைவமோ?"

"மச்சம் தின்னலாம் அம்மா. பண்டி கூடாது. றால், நண்டு, கணவாய் கூடாது."

"நண்டும் கூடாதோ?" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது அப்போதுதான்.

"இறைச்சியையும் பாலையும் சேர்க்கக்கூடாது. ரெண்டுக்கும் தனித்தனிச் சட்டி, தனித்தனிக் கரண்டி."

அம்மா கேட்டார்: "இதுக்குப் போய் ஏனடி சமயம் மாறுவான்? இஞ்சயும் அதுதானே நடக்குது."

அது உண்மை. சுவிஸின் பாசல் நகரத்தில் நான் பிறந்து வளர்ந்த அந்தச் சின்ன ஃபிளாட்டில் மேல்தட்டுச் சட்டிகள் மரக்கறிக்கு, கீழ்த்தட்டுச் சட்டிகள் மச்சத்துக்கு. வெள்ளிக்கிழமையில் கை தவறிக் கீழ்த்தட்டைத் தொட்டாலே போதும், அம்மா குளியலறையில் இருந்தாலும் சத்தம் வரும். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ஒரு யூத முதியோர் இல்லத்துச் சமையலறையில் பகுதிநேர வேலைக்குப் போனேன். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் பால் கரண்டியை இறைச்சிப் பக்கம் போட்டு ஏச்சு வாங்கினார்கள். நான் மட்டும் வாங்கவில்லை. சமையலறையிலிருந்து சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனேன், அங்கே வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர்கள் மேசையைத் தட்டித் தட்டிப் பாடுவதைக் கேட்டேன், பிறகு புத்தகங்கள், வகுப்புகள், பல வருடங்கள். ஏன் மாறினாய் என்று கேட்டால் ஒழுங்கான பதில் இன்றைக்கும் என்னிடம் இல்லை. அந்த மேசைகளில் இருக்க எனக்குப் பிடித்திருந்தது. எழும்பிப் போக மனம் வரவில்லை.

கோயிலில் எல்லோரும் யாரோ ஒரு பெடியனுக்காக நான் மாறியதாகவே முடிவுகட்டியிருந்தார்கள். பெடியன் ஒருவனும் இல்லை. அம்மாவுக்கு அதுதான் பெரிய ஏமாற்றம். "ஒருத்தனுக்காக மாறியிருந்தாலும் ஒரு ஞாயம் இருக்கும். கலியாணமாவது நடந்திருக்கும்" என்று வில் என்ற ஊரில் இருந்த பெரியம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிக் கவலைப்பட்டார்.

சட்டிகளை விளங்கிக்கொண்ட அம்மாவுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. நான் ஏன் அவருடைய வீட்டில் சாப்பிடுவதில்லை?

"என்ர மேல்தட்டுச் சட்டியில மச்சம் பட்டதே இல்லை. உன்ர ரபியை வந்து மணந்து பாக்கச் சொல்லு."

யூத மதகுருவான ரபி வந்து முகர்ந்து பார்த்தாலும் சரிவராது, அது யூத உணவு விதிப்படி நடக்கும் கோஷர் சமையலறை இல்லை, பொருள்கள் வேறு, சாமிக்குப் படைத்தது வேறு என்று நான் பலமுறை விளக்கினேன். விளக்கிவிட்டு, கொண்டுபோன அப்பிளைக் கடதாசித் தட்டில் வைத்து வெட்டித் தின்பேன். எதிரே அப்பா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிடுவார். அவர் என்னைப் பார்க்காமல் சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போகும்போது மட்டும் ஒரு பெருமூச்சு விடுவார்.

தனியாக ஒரு ஃபிளாட் எடுத்து, சமயமும் முறைப்படி மாறி முடிந்த பிறகு எனக்கு வந்த முதல் பெசாக் 2014இல். பெசாக் என்பது எகிப்திலிருந்து விடுதலையான நினைவாகக் கொண்டாடும் பண்டிகை. அந்த எட்டு நாளும் கோதுமை மா, ரொட்டி, புளித்தது எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. என் சமூகத்து வழக்கப்படி அரிசி, பயறு, உழுந்தும் சாப்பிடக்கூடாது. பண்டிகை தொடங்கும் மாலை எந்த நாளில் என்று கலண்டரில் பார்த்தேன். சித்திரை வருடப்பிறப்பும் அதே நாள்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அரிசி கூடாதோ?"

"ஓம்."

"உழுந்தும் கூடாதோ?"

"ஓம் அம்மா."

"பயறு?"

"கூடாது."

"அப்ப எட்டு நாளும் என்னத்தைத் தின்னுவாய்?"

"முட்டை, உருளைக்கிழங்கு, மீன், மரக்கறி..."

"அந்தச் சனங்கள் எகிப்தில இருந்து தப்பி வந்ததே நல்லாச் சாப்பிடத்தானே?" என்றார் அம்மா.

பிரச்சினை சாப்பிடுவதில் மட்டும் இல்லை. என் அலுமாரி முழுக்க அம்மாவின் கைவண்ணம். வறுத்து அரித்த கோதுமை மா, சிவப்பரிசி மா, ரவை, சேமியா, உழுந்து, எந்த வருடத்தையது என்று தெரியாத, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா. இப்படிப்பட்டதை எறிய மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. யூதர் அல்லாத ஒருவருக்கு விற்றுவிடலாம். எட்டு நாள் முடிந்ததும் திருப்பி வாங்கலாம். வழக்கமாக ரபியே எல்லோருக்காகவும் சேர்த்து ஒரு சுவிஸ்காரருக்கு விற்பார்.

இதைக் கேட்டதும் அப்பா கதிரையை விட்டு எழும்பினார்.

"கொம்மா இடுப்பு நோக நோக அரிச்ச மாவை ஒரு வெள்ளைக்காரன் வாங்குறதோ? அவனுக்கு ஒடியல் மா எண்டால் என்னெண்டு தெரியுமோ? நான் வாங்குறன்."

"அப்பா, இது ஒரு முறைக்காகச் செய்யிறது."

"என்ன முறையோ, நான் வாங்குறன்."

ரபியிடம் கேட்டேன். அவர் தாடியைத் தடவி யோசித்துவிட்டு, தாராளமாக விற்கலாம், ஆனால் விற்பனை உண்மையான விற்பனையாக இருக்கவேண்டும், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார். அப்பா கோயில் தேருக்கு மட்டும் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் முப்பது வருடமாக உணவக அடுப்படியில் பேசிப் பழகிய பாசல் ஜேர்மன் வேறு. ரபியின் புத்தக ஜேர்மன் வேறு. ஆனாலும் இருவரும் முதல் நிமிடத்திலேயே ஒத்துப்போனார்கள்.

"பொருள் எங்கே இருக்கும்?" என்று அப்பா விசாரித்தார்.

கட்டடத்தின் அடியில் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் மரச்சட்டம் அடித்த ஒரு சிறு அறை உண்டு. இங்கே எல்லாத் தமிழரும் அதைக் கெலர் என்றுதான் சொல்வோம். பொருள்களை அங்கே வைத்துப் பூட்டி, சாவியை அப்பாவிடம் கொடுப்பது என்று ரபி ஏற்பாடு செய்தார்.

"அப்படியென்றால் நான் நினைத்த நேரம் போய் எடுக்கலாமா?"

"அது உங்களுடைய சொத்து. தாராளமாக."

பிறகு ரபி, அப்பாவை ஆறுதல்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, ஒன்றைச் சொன்னார். சமயம் மாறியவர் எங்கள் சட்டப்படி புதிதாகப் பிறந்த குழந்தை மாதிரி. பழைய உறவுகள் சட்டத்தில் கணக்கில் வராது. ஆகவே தகப்பனும் மகளும் என்று விற்பனையில் ஒரு சிக்கலும் இல்லை.

நான் ஜன்னலைப் பார்த்தேன். இந்த ஒரு சட்டத்தை மட்டும் நான் வீட்டில் சொல்லவே இல்லை. அப்பா கோட்டின் பொத்தானைக் கழற்றினார், திரும்பப் பூட்டினார். பிறகு நிதானமாகப் பாசல் ஜேர்மனில் கேட்டார்:

"அப்படியென்றால் இவளுடைய பல்லுக் கம்பிக்குக் காசு கட்டியது யார்?"

ரபி மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டி வந்தது. அவருக்கு மூன்று பிள்ளைகள், மூன்று பேருக்கும் பல்லில் கம்பி. இந்த நாட்டில் அந்தச் செலவைக் காப்புறுதி தராது. "ஐயா, பெற்றோரை மதிக்கும் கடமை இவளுக்கு அப்படியே இருக்கிறது. பல்லுக் கம்பி விஷயத்தில் நீங்கள்தான் தகப்பன்" என்றார். ட்ராமில் வரும்போது அப்பா என்னிடம், "நல்ல மனுசன். ஆனா சட்டத்தைக் கொஞ்சம் திருத்தவேணும்" என்றார். இறங்கும்போது என் பையைத் தானே தூக்கிக்கொண்டார்.

வருடப்பிறப்பைக் கைவிட அம்மா தயாராக இல்லை. நான் அவரிடம் சாப்பிட மாட்டேன் என்றால் வருடப்பிறப்பு என்னிடம் வரும் என்று முடிவுசெய்தார். ஒரு வாரத்துக்கு முன்பே என் சமையலறைக்கு வந்து, நான் போட்ட அடுப்பில், என் தாச்சியில், நான் வாங்கிய எண்ணெயில் பயத்தம் பணியாரமும் முறுக்கும் சுட்டு ஒரு பெரிய தகரத்தில் அடைத்தார். அவர் போன பிறகு நான் வீட்டைத் துடைத்துக் கழுவத் தொடங்கினேன். அலுமாரித் தட்டு, மேசை இடுக்கு, அங்கிப் பை எல்லாம். தகரம் பல்கனிக்குப் போய்விட்டது.

அன்று காலையில் அம்மா புதுச் சேலையில், ஒரு கையில் மருத்துநீர்ப் போத்தலும் மறு கையில் பஞ்சாங்கமுமாக வந்து நின்றார். வருடப்பிறப்பில் தலையில் வைத்துக் குளிக்கும் அந்த மூலிகைத் தண்ணீரைப் பற்றி நான் தயங்கினேன்.

"இது என்னத்துக்கு அம்மா? சாமிக்கோ?"

"தடிமன் காய்ச்சல் வராமல் இருக்க" என்றார் அம்மா, இமைக்காமல்.

மருந்துக்குத் தடையில்லை. குனிந்து தலையைக் காட்டினேன். அவர் தேய்த்த தேய்ப்பில் பொய் சொன்ன குற்றவுணர்வு கொஞ்சம் இருந்தது போலத்தான் பட்டது.

அடுத்தது நேரப் பிரச்சினை. புது வருடத்தின் முதல் பலகாரத்தை நல்ல நேரத்தில்தான் வாயில் வைக்கவேண்டும் என்று அம்மாவின் பஞ்சாங்கம் சொன்னது. காலையில் குறித்த நேரத்துக்குப் பிறகு அதை வாயில் வைக்கக்கூடாது என்று என் யூதக் கலண்டர் சொன்னது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நிமிடம் நிமிடமாக அச்சடித்த என் கலண்டரை அம்மா புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இஞ்சேருங்கோ, இவையளுக்கும் ராகுகாலம் இருக்கு!" என்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

நல்ல நேரம் தொடங்குவதற்கும் என் நேரம் முடிவதற்கும் இடையில் மிகச் சிறிய இடைவெளிதான் இருந்தது. துடைத்த வீட்டுக்குள் துணுக்கு விழக்கூடாது என்பதால் மூவரும் புது உடுப்போடு பல்கனியில் நின்றோம். சித்திரை என்றாலும் பாசலில் நல்ல குளிர். அப்பா கையில் மணிக்கூட்டைப் பிடித்திருந்தார். "சரி" என்றதும் அம்மா என் வாயில் பணியாரத்தை வைத்தார். நான் மென்று விழுங்குவதற்குள் முறுக்கு. அதற்குள் இன்னொரு பணியாரம். எதிர்க் கட்டடத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சுவிஸ்காரி தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஈர முடியுடன் பட்டுப்பாவாடை உடுத்த ஒருத்திக்கு, சேலை கட்டிய ஒரு அம்மா அவசரம் அவசரமாக ஊட்டுகிறார், பக்கத்தில் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்து "கெதியா, கெதியா" என்கிறார். அவள் என்ன நினைத்தாளோ தெரியாது.

"நேரம் முடிஞ்சுது" என்றார் அப்பா. என் கையிலிருந்த பாதி முறுக்கை மெதுவாக எடுத்தார். தகரத்தை மூடினார். "இனி எல்லாம் என்ர."

அவர் அதை விளையாட்டுக்குச் சொன்னார் என்றுதான் நான் நினைத்தேன்.

பெசாக்கின் நடுவில் ஒரு பகல். நான் ஆய்வுகூடத்தில் வேலையில் இருந்தேன். எங்கள் கட்டடத்தைப் பராமரிக்கும் சுவிஸ்காரர் தொலைபேசி எடுத்தார். மிக மரியாதையான மனிதர், மிக மரியாதையாகக் கேட்டார். உங்கள் கெலரில் ஒரு வயதானவர் பூங்காக் கதிரை போட்டு இருந்து ஏதோ சாப்பிடுகிறார், உங்களுக்குத் தெரிந்தவரா? யாரென்று கேட்டால் 'நான் சொந்தக்காரன்' என்கிறார், உடுப்புக் கழுவ வந்த ஆட்களுக்கும் கொடுக்கிறார்.

வேலை முடிந்து ஓடிவந்தேன். கெலரில் அப்பா சட்டங்களுக்குப் பின்னால் கால்மேல் கால் போட்டு இருந்தார். சலவை அறையிலிருந்து வந்த இரண்டு அயலவர் பணியாரம் தின்றுகொண்டிருந்தார்கள். பராமரிப்பாளரும் தின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, இஞ்ச என்ன செய்யிறியள்?"

"என்ர சொத்தைப் பாக்க வந்தனான். ரபி சொன்னவர்தானே, உண்மையான விற்பனை எண்டு."

எட்டு நாளும் முடிந்தது. திருப்பி வாங்கப் போனேன். அப்பா, "யோசிக்கவேணும்" என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். ரபியைக் கேட்டேன். அப்பா திருப்பி விற்கவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, சட்டப்படி அவர்தான் உரிமையாளர் என்று ரபி சொன்னார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏன் அப்பா இப்பிடிச் செய்யிறியள்?" என்று கேட்டேன்.

அப்பா சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "நீ இஞ்ச வந்தால் அப்பிள் வெட்டித் தின்னுறாய். நான் உன்ர வீட்டுக்கு வந்தால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது எண்டு தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறன். இந்தக் கெலருக்குள்ள மட்டும்தான் என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு நேரம் எங்கட மேசையில எங்களோட இருந்து சாப்பிடு. பிறகு தாறன்" என்றார்.

அம்மாதான் சமையலறையிலிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, விஷயத்தை முடித்துவைத்தார்.

"மச்சத்துக்கு ஒரு சட்டி, மரக்கறிக்கு ஒரு சட்டி. இவளுக்கு மூண்டாவதா ஒரு சட்டி வைச்சால் அலுமாரி இடிஞ்சா விழும்? என்ன செய்யவேணும் எண்டு சொல்லு, செய்யிறன்."

புதுச் சட்டி, புதுக் கரண்டி, புதுத் தட்டுகள் வாங்கினேன். அம்மா தன் அலுமாரியில் ஒரு தட்டை எனக்காக ஒதுக்கி, கழுவி, புதுத் தாள் விரித்துத் தந்தார். அதைப் பார்த்ததுமே அப்பா மிச்சப் பொருளைத் திருப்பி விற்றுவிட்டார். மிச்சம் என்றால் ஒடியல் மா மட்டும்.

ஆனால் புதுச் சட்டியை உடனே பாவிக்க முடியாது. அது யூதப் பெண்ணாகிவிட்ட என்னுடையது என்றபடியால், ஓடும் தண்ணீரில் ஆசி சொல்லி முழுக்கி எடுக்கவேண்டும். ரைன் நதி போதும் என்றார் ரபி. இதைக் கேட்டு அம்மா சந்தோஷப்பட்டது போல என் சமய விஷயம் எதற்கும் சந்தோஷப்பட்டதில்லை.

"தீர்த்தமாடுறது! இதை முதலே சொல்லியிருந்தால் நான் ஏன் சண்டை பிடிக்கிறன்?"

கோடைகாலத்து மாலை. பாசல்காரர் பாதிப்பேர் உடுப்பை நீர்புகாத பையில் அடைத்துக்கொண்டு, நீரோட்டத்தோடு மிதந்து போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் கரைப் படியில் சட்டிகளுடன் குந்தினோம். நான் ஆசியைச் சொன்னேன். கரண்டிகளை முழுக்கினேன். பெரிய சட்டியைத் தானே முழுக்கவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார்.

"சரி. ஆனா இறுக்கிப் பிடிக்கக்கூடாது அம்மா. எல்லாப் பக்கமும் தண்ணி படவேணும். கையைக் கொஞ்சம் தளர்த்துங்கோ."

அம்மா எந்தச் சமயத்துச் சட்டத்தையும் அரைகுறையாகச் செய்பவர் இல்லை. முழுக்கினார், கையைத் தளர்த்தினார், முழுவதுமாகத் தளர்த்தினார். சட்டி நிமிர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, நீச்சல்காரர்களுக்கு நடுவில் தானும் ஒருவராகப் பாலத்தை நோக்கிப் புறப்பட்டது.

"ஐயோ, என்னுடைய சட்டி!" என்று அப்பா ஜேர்மனில் கத்திக்கொண்டு கரையோரமாக ஓடினார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. படிகளில் பியருடன் இருந்த இளைஞர்கள் எழும்பிக் கைதட்டினார்கள். கடைசியில் ஒரு வழுக்கைத்தலை மனிதர் சட்டியை எட்டிப் பிடித்து, ஒரு கையால் நீந்தி, அடுத்த படிக்கட்டில் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அப்பாவிடம் கொடுத்தார். "இன்றைக்கு என்ன சமையல்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பத் தண்ணீருக்குள் குதித்தார்.

"ஒரு அந்நியன் தொட்டிட்டான். இப்ப என்ன செய்யிறது?" என்றார் அம்மா.

"ஒண்டும் இல்லை அம்மா. அது முழுகி முடிஞ்சுது."

"இன்னொருக்கா முழுக்கினால் குறைஞ்சா போகும்?" என்று அவர் மறுபடியும் முழுக்கினார். இந்தமுறை சட்டியின் பிடியை அப்பாவும் தொட்டபடி நின்றார். நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அடுத்த தைப்பொங்கலுக்கு லீவு எடுத்துக்கொண்டு, அரிசி, பயறு, பால், சர்க்கரை எல்லாம் நானே வாங்கி, பெற்றோர் வீட்டுக்குப் போனேன். அம்மா பல்கனியில் சிறு மின்னடுப்பில் சூரியனுக்கு ஒரு பானை வைத்திருந்தார். உள்ளே அடுப்படியில் என் சட்டி. சூரியனுக்குப் படைத்ததை நான் சாப்பிட முடியாது என்பது அவருக்கு இப்போது மனப்பாடம். யூதர் ஒருவர் கையால் மூட்டிய அடுப்பில்தான் சமைக்கலாம் என்பதால் என் சட்டிக்கு அடுப்பை நான்தான் போடவேண்டும் என்றும் சொல்லிவைத்திருந்தேன். தன்னுடைய சமையலறையில் அம்மா விருந்தாளி மாதிரிச் சுவரோடு ஒதுங்கி நின்று, "திருப்பு. இன்னும் திருப்பு. ஒன்பதில வை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு திடீரென்று போய் ஜன்னல் சீலையை இழுத்து மூடினார்.

"ஏன் அம்மா?"

"சூரிய பகவான் உன்ர சட்டியைப் பாத்தால் படைச்ச மாதிரி ஆகிவிடாதோ?"

அது தை மாதத்துப் பாசல். வெளியே மூடுபனி. எதிர்க் கட்டடமே தெரியவில்லை. அப்பா, "அவர் இஞ்சால வந்து ரெண்டு கிழமை" என்றார். ஆனால் பல்கனிப் பானை பொங்கி வழிந்த நேரம் பனி கிழிந்து மெல்லிய வெயில் வந்தது. அம்மா வெளியே ஓடிப்போய்க் கும்பிட்டார். உள்ளே வெயில் சீலையின் இடுக்கால் விழுவதைக் கண்டதும், கும்பிட்ட கையோடு சூரியனைப் பார்த்து, "உள்ளுக்க இருக்கிறது பிள்ளையின்ர. நீங்கள் அங்கால பாருங்கோ" என்றார்.

என் சட்டியும் பொங்கியது.

"கத்தடி" என்றார் அம்மா.

நான் தயங்கினேன்.

"பால் பொங்கினால் பொங்கிச்சு எண்டு சொல்லுறதில என்ன குற்றம்?"

அதில் ஒரு குற்றமும் எனக்குத் தெரியவில்லை. "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினேன். மேல்வீட்டுக்காரர் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து மணியடித்தார். அவருக்கும் ஒரு தட்டுக் கொடுத்தோம், சூரியனுடைய பானையிலிருந்து.

மூவரும் மேசையில் இருந்தோம். அம்மா என் தட்டில் போட்டுவிட்டு நான் முதல் வாய் வைக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். பிறகுதான் தானும் இருந்தார். அப்பா மட்டும் இரண்டு பொங்கலிலும் மாறி மாறி எடுத்துத் தின்று, கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"சூரியன்ர தான் திறம்."

"ஏன் அப்பா?"

"அதில கஜு கூடப் போட்டிருக்கு."

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "இவளின்ர சாமியை ஆரும் காண ஏலாது. கஜு போட்டாலும் போடாட்டிலும் அவருக்குத் தெரியாது" என்றார். சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "தெரியுமோ?" என்று கொஞ்சம் பயத்தோடு கேட்டார்.

"தெரியும் அம்மா."

"அப்ப அடுத்த முறை கூடப் போடுறன்" என்றார் அம்மா.